முதலாளி கன்னத்தில் ஓட்டை போட முடியுமா?

சின்னச்சாமிக்கு இந்த உலகத்தில் தெரியாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. இதைச் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை, சின்னச்சாமியே சொன்னது. மழை எப்போது வரும், பூண்டு விலை ஏன் விழுந்தது, பழனி மலைக்கு விஞ்ச் எப்படி ஏறுகிறது, எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். சரியான பதிலா என்று கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

ஆயக்குடியிலிருந்து கொடைக்கானலுக்குக் கொய்யா ஏற்றிப் போவதும், பூம்பாறையிலிருந்து காரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்குவதும் அவருடைய வேலை. லாரி பொன்னுவேல் முதலாளியுடையது. ஆனால் சாவி சின்னச்சாமியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. குளிக்கும்போதும் தொங்கும், தூங்கும்போதும் தொங்கும். "லாரி மண்டியில நிக்குது, சாவி இடுப்புல கெடக்கு. அப்படியென்ன பயம் ஒங்களுக்கு?" என்று அவர் மனைவி புவனா கேட்டுப் பார்த்தாள். பயம் அவளுடைய தம்பி செல்வமுருகனைப் பற்றியது. அவன் போன வருஷம் கனரக வாகன லைசென்ஸ் எடுத்திருந்தான். எடுத்த நாளிலிருந்து லாரியின் டயர்களை மிகவும் பாசமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

அந்த லாரியின் டாஷ்போர்டில் மூன்று முட்கள் உண்டு. வேகம் காட்டும் முள் செத்து வெகுகாலம் ஆகிறது. டீசல் முள் எப்போது பார்த்தாலும் பாதி டேங்க் என்று சொல்லும். டேங்க் காலியாகி வண்டி நடுரோட்டில் நின்றாலும் அதன் கருத்து மாறாது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஒன்றுதான் உண்மை பேசும். அதனால்தானோ என்னவோ அதை யாரும் நம்பவில்லை.

அந்த முள் பேசுவது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர், அதன் சூட்டை வாங்கிக்கொண்டு முன்பக்கம் இருக்கும் ரேடியேட்டருக்கு வரும். முன்னாலிருந்து நுழையும் காற்று அதை ஆற்றித் திருப்பி அனுப்பும். நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு, வாசல்காரன் மாதிரி. தண்ணீர் போதுமான அளவு சூடாகும்வரை கதவைத் திறக்க மாட்டான். லோடோடு இரண்டாவது கியரில் மலை ஏறும்போது எஞ்சின் முக்கும், முள் கொஞ்சம் மேலே போகும். கொண்டை ஊசி வளைவு முடிந்து ரோடு சமமானதும் இறங்கி வரும். இறக்கத்தில் எஞ்சினுக்குச் சோலியே இல்லை, முள்ளும் சாய்ந்து படுத்துவிடும். மலையில் ஓடுகிற வண்டிக்கு முள் ஏறுவதும் இறங்குவதும் சுகமாக இருப்பதற்கு அடையாளம். ஏறினது இறங்காமல் சிவப்புக் கோட்டில் போய் உட்கார்ந்துகொண்டால்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பல வருஷமாக அந்த லாரியின் முள் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு பொன்னுவேல் முதலாளிக்குத் தலைவர் ஆசை வந்தது.

வட்டாரக் கொய்யா வியாபாரிகள் முன்னேற்றச் சங்கத்துக்குத் தேர்தல் வைத்தார்கள். அப்படி ஒரு சங்கம் இருப்பதே தேர்தல் வந்த பிறகுதான் பல வியாபாரிகளுக்குத் தெரிந்தது. பொன்னுவேல் தலைவர் பதவிக்கு நின்றார். நின்ற கையோடு ஃப்ளெக்ஸ் அடித்தார். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, பின்னணியில் கொய்யாத் தோப்பு, தலைக்கு மேல் 'கொய்யாவின் காவலர்' என்று சிவப்பு எழுத்து. கொய்யாவுக்கு யாரால் என்ன ஆபத்து என்று அதில் போடவில்லை.

ஒரு ஃப்ளெக்ஸை லாரி முகப்பில் கட்டச் சொன்னார். சின்னச்சாமி கட்டினார். முதல் நாளே சவரிக்காட்டுப் பக்கம் அடித்த காற்றில் முதலாளியின் வாய் கிழிந்து, லாரி ஓடும் வேகத்துக்கு ஏற்ப அது திறந்து திறந்து மூடியது. எதிரே வந்த பஸ் டிரைவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கை விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"காத்து போறதுக்கு அங்கங்க பிறை மாதிரி ஓட்டை போட்டு விடுங்கண்ணே, கிழியாது" என்று மண்டியில் ஒருவன் சொன்னான். உலகம் முழுக்க ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்கள் செய்வது அதைத்தான்.

சின்னச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. "மொதலாளி கன்னத்துல ஓட்டை போடுறதா? எனக்குச் சோறு போட்ட கன்னம்டா அது!"

கன்னம் எப்படிச் சோறு போடும் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. சின்னச்சாமி புது ஃப்ளெக்ஸ் வாங்கி வந்தார். அதன் முதுகுக்கு ஒரு பழைய தார்ப்பாயை மடித்து வைத்துத் தைத்தார். ஓரங்களில் கயிறு கோத்து, லாரியின் மூஞ்சியில் ஒரு ஈ நுழைய இடமில்லாமல் இழுத்துக் கட்டினார். புயலே வந்தாலும் முதலாளியின் சிரிப்பில் சுருக்கம் விழாது. பொன்னுவேல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏலே சின்னச்சாமி, வேலைன்னா இது வேலை" என்றார்.

லாரியின் மூக்கை அடைத்தாகிவிட்டது. அது ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஆராயும் பணி அந்த வாரமே தொடங்கியது.

வடகவுஞ்சி தாண்டி ஒரு வளைவில் முள் சிவப்புக்குப் போய், ரேடியேட்டர் குக்கர் மாதிரி கத்தியது. சின்னச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். சூடு அடங்கும்வரை காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகித் திறந்து, இருந்த தண்ணீரை ஊற்றினார். அதோடு பெருமாள்மலைவரை உருட்டிப் போனார். அங்கே லீமாவின் டீக்கடை வாசலில் ஒரு நீல நிற டிரம் இருக்கும். மேலே ஓடையிலிருந்து லீமா குழாய் போட்டுப் பிடித்து வைக்கிற தண்ணீர். டீக்கும் அதுதான், டம்ளர் கழுவவும் அதுதான்.

"லீமா, ஒரு வாளி தண்ணி."

"குடிக்கவாண்ணே?"

"வண்டிக்கு."

"வண்டி ஒரு வாளி குடிச்சா நான் எத்தனை டீ விக்கிறது? பால் மட்டும் ஊத்தித் தரவா ஒங்களுக்கு?"

கொடுத்தாள். அடுத்த தடவையும் கொடுத்தாள். அதற்கடுத்த தடவை லாரி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதுமே டிரம்மின் மேல் மூடியைப் போட்டு, மூடியின் மேல் ஒரு கல்லையும் வைத்தாள்.

கடையில் டீ குடிப்பவர்கள் இலவசமாக வைத்தியம் சொன்னார்கள். ஜீப் ஓட்டுகிறவர் ரேடியேட்டர் மூடியில் ரப்பர் போய்விட்டது என்றார். மூடி மாற்றப்பட்டது. ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றார். பெல்ட் இறுக்கப்பட்டது. மாலை கட்டி விற்கிறவர் லாரியைச் சுற்றி வந்து, "புதுசா அலங்காரம் பண்ணியிருக்கீங்கல்ல, கண்ணு பட்டுருக்கு" என்றார். உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான். ஆனால் அவர் சொன்ன பரிகாரம் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். சின்னச்சாமி அதையும் வாங்கி ஃப்ளெக்ஸின் மேலேயே, முதலாளியின் தாடைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தவன் ஸ்டீவன். பெருமாள்மலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். "இவங்களுக்கெல்லாம் டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று சொல்லிக்கொண்டே முதலாளியின் நெற்றியில் கையை ஊன்றிச் சாய்ந்து நின்று யோசித்தான். பிறகு கேபினைத் தூக்கி, மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"தெர்மோஸ்டாட் பிராப்ளம்ணே. கழட்டிப் போட்ருவோம். அது குளிர் ஊருக்குன்னு வெச்சது, நமக்கு எதுக்கு?"

வாய் திறந்தால் புகை வருகிற குளிரில், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு ஸ்டீவன் இதைச் சொன்னான். அதே மாதிரி குல்லாய் போட்டிருந்த சின்னச்சாமி, "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். தெர்மோஸ்டாட் கழற்றப்பட்டது.

இனி முள் என்ன செய்தது என்று சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். வாசல்காரன் போன பிறகு தண்ணீர் நேரம் காலம் இல்லாமல் ரேடியேட்டருக்குள் ஓடியது. பூம்பாறை மூடுபனியில் எஞ்சின் சூடாகவே மாட்டேன் என்றது. முள் அடிமட்டத்தில் சுருண்டு கிடந்தது, வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு டீசலைக் குடித்தது. அதே வண்டி, பழனியிலிருந்து ஏறும்போது மட்டும் பழையபடி சிவப்புக்குப் போனது. கீழே காய்ச்சல், மேலே குளிர். மனுஷனுக்கு இப்படி வந்தால் மலேரியா என்பார்கள். லாரிக்கு வந்ததால் டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார்கள்.

இதில் சின்னச்சாமியைக் குழப்பிய விஷயம் இன்னொன்றும் உண்டு. கொடைக்கானல் ஊருக்குள் நுழையும் முன்னால் இருக்கிற சோதனைச் சாவடியில், பிளாஸ்டிக் சாமான் மேலே போகக் கூடாது என்று ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொல்வார்கள். சின்னச்சாமி அவிழ்த்து, தார்ப்பாயோடு சுருட்டி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி சீட்டுக்குப் பின்னால் வைப்பார். திரும்பி வரும்போது லீமா கடை வாசலில் நிறுத்தி மறுபடி கட்டுவார். கட்டாமல் பழனிக்குள் போனால் முதலாளியின் ஆட்கள் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆக, சாவடிக்குக் கீழே வண்டி கொதிக்கும். சாவடிக்கு மேலே, அதைவிடச் செங்குத்தான ஏற்றத்தில்கூட வண்டி கொதிக்காது.

சின்னச்சாமி இதை வெகுநேரம் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். "மேமலைக் காத்து சுத்தமான காத்து. வண்டிக்கு ஒத்துக்குது."

ஒரே ஒரு தடவை கீழேயும் கொதிக்காமல் ஏறியது. அன்று ஃப்ளெக்ஸ் அச்சகத்துக்குப் போயிருந்தது. படத்தில் மீசை வெள்ளையாக விழுந்துவிட்டது, கறுப்பாக்கி வேறு அடிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். லாரி மொட்டை முகத்தோடு பழனி ரோட்டில் ஏறியது. முள் நடுவுக்கு மேலே போகவில்லை. பெருமாள்மலையில் சின்னச்சாமி இறங்கி, தண்ணீர் கேட்காமல் டீ மட்டும் குடித்தார். நேராக ஸ்டீவனிடம் போய், "தம்பி, ஒன் கைராசியே கைராசி" என்றார். திரும்பி வரும்போது அவனுக்குக் காரட்டும் கொடுத்தார்.

அடுத்த நடைக்குக் கறுப்பு மீசை வந்துவிட்டது. முன்னதைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ், முன்னதைவிடக் கனமான துணி. லாரி முன்னதைவிடச் சீக்கிரமே கொதித்தது. கொய்யா வெயிலில் நின்று பழுத்து, பாதி கூடை வழியிலேயே நாறிப்போனது.

அன்று சாயங்காலம் மண்டியில் பொன்னுவேல் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். "ஏலே, ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, அடுப்பு எரிக்கத் தெரியுமா? இன்னொரு தடவை என் கொய்யா ரோட்டுல நின்னுச்சுன்னா சாவியக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போயி பழம் தரம் பிரி. செல்வமுருகன் வெள்ளனே வந்து எடுத்துட்டுப் போயிருவான்."

செல்வமுருகன் அங்கேதான் நின்றான். மாமாவுக்காக மிகவும் வருத்தப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்திருந்தான். டயர்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வீட்டில் புவனா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "தரம் பிரிக்கிறது நெழல்ல உக்காந்து செய்யிற வேலதான."

"பொம்பளைங்களோட உக்காந்து கொய்யாப்பழத்த அமுக்கிப் பாக்கச் சொல்றியா?"

"நாங்க வருசக்கணக்கா அமுக்கிட்டுதான் இருக்கோம். எங்க கையி ஒண்ணும் அழுகிப் போகல."

சின்னச்சாமி பாதிச் சோற்றிலேயே கை கழுவினார். அன்றைக்கு அவர் தூங்கவில்லை. இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். இருபது வயசிலிருந்து அவர் உட்கார்ந்த இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். அங்கிருந்து பார்த்தால்தான் அவருக்கு எல்லாம் தெரியும். மண்டித் தரையில் உட்கார்ந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நடைக்கு முதலாளியே கூட வந்தார். "ஒன் வண்டவாளத்த நேர்ல பாக்கணும்" என்று கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஏறி உட்கார்ந்தார். வெளியே கண்ணாடிக்குக் கீழே ஒரு பொன்னுவேல் கைகூப்பிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பொன்னுவேல் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

"கியர மாத்துலே."

"மாத்திட்டேன் மொதலாளி."

"நான் சொல்லு முன்னாடி ஏன் மாத்துன? சரி, வெரசாப் போ."

"ஏத்தம்ங்க."

"ஏத்தம்னு எனக்குத் தெரியாதா? இது நான் பொறக்கு முன்னாடி இருந்து ஏத்தந்தான்."

முள் ஏறியது. பொன்னுவேல் முள்ளைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "ம்" என்றார். சிவப்புக் கோட்டைத் தொட மயிரிழை இருக்கும்போது பெருமாள்மலை வந்துவிட்டது. இன்னும் ஒரு வளைவு இருந்திருந்தால் சாவி கைமாறியிருக்கும்.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு ஓட்டுக் கேட்க ஓரமாகப் போனார். சின்னச்சாமி வாளியோடு டீக்கடைக்குப் போனார். லீமா டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். கல்லை நம்பிப் பயனில்லை என்று அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்கு மட்டும் குடு தாயி. என் பொழப்பே இதுலதான் கெடக்கு."

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? இந்த மூஞ்சியக் கட்டிட்டு வந்தா தண்ணி கேக்குறீங்க. கட்டாம வந்த அன்னைக்கு டீ மட்டும் குடிச்சிட்டுப் போனீங்க. பேசாம இந்த மூஞ்சிய வீட்டுலயே வெச்சிட்டு வாங்களேன், எனக்குத் தண்ணியாவது மிஞ்சும்."

"ஏ, மெதுவாப் பேசு! மொதலாளி நிக்கிறாரு." சின்னச்சாமி பதறினார். "மூஞ்சிக்கும் எஞ்சினுக்கும் என்னா சம்பந்தம்? ஒனக்கு என்னா தெரியும் எஞ்சினப் பத்தி?"

"எனக்கு எஞ்சினத் தெரியாதுண்ணே. என் டிரம்மத் தெரியும்" என்று இறங்கி, வாளியில் ஊற்றிக் கொடுத்தாள்.

சோதனைச் சாவடியில் வழக்கம்போல ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னார்கள். முதலாளி இறங்கிப் போய், தான் யார் என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மீசையைப் பார்த்தார்கள். அவிழ்க்கச் சொன்னார்கள். பொன்னுவேல் சுருட்டப்பட்டுச் சீட்டுக்குப் பின்னால் போனார்.

பூம்பாறை ரோட்டில் லாரி ஏறத் தொடங்கியது. முள் கீழே வந்தது. வளைவில் கொஞ்சம் ஏறியது, சமத்தில் இறங்கியது. வழுக்கிக்கொண்டே போய்க் குளிர்ப் பக்கம் படுத்தது.

"பாத்தியா?" என்றார் முதலாளி. "நான் பக்கத்துல உக்காந்து கியர் சொன்னேன், வண்டி ஒழுங்கா ஓடுது."

சின்னச்சாமிக்கு அது காதில் விழவில்லை. லீமா சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மூஞ்சி இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் டீ.

பூம்பாறையில் மூட்டை ஏற்றும்போது எஞ்சினை அணைக்காமல் முன்னால் போய் நின்றார். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு காலிச் சாக்கை எடுத்து ரேடியேட்டர் முன்னால் காட்டினார். உள்ளே சுற்றுகிற ஃபேன் இழுத்த இழுப்பில் சாக்கு வெடுக்கென்று ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். மறுபடி காட்டினார். மறுபடி ஒட்டியது. எஞ்சின் அந்த வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. அந்த வழியில் அவர் தார்ப்பாயை மடித்து, தைத்து, ஈ நுழையாமல் கட்டி, மேலே எலுமிச்சம்பழமும் தொங்கவிட்டிருக்கிறார். அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்தது.

இத்தனை நாள் நோய் என்ன என்று தெரியாமல் பயந்தார். இப்போது தெரிந்ததும் இன்னும் பயமாகிவிட்டது. நோய் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. 'மொதலாளி, ஒங்க மூஞ்சியாலதான் வண்டி கொதிக்குது' என்று ஒரு டிரைவர் எந்தக் கியரில் போட்டுச் சொல்வது? தேர்தல் முடியும்வரை அந்த முகம் முகப்பில் இருந்தே தீரும். அடுத்த ஏற்றத்தில் முள் சிவப்பைத் தாண்டும். சாவி மச்சினன் இடுப்புக்குப் போகும்.

இறங்கும்போது ஏரியைத் தாண்டியதிலிருந்தே அவர்களுக்கு முன்னால் ஒரு வேன் மாட்டிக்கொண்டது. மூட்டுவலித் தைலம் விற்கிற வேன். அதன் முதுகு முழுக்கத் தைலக்காரரின் படம், ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் முழங்கால், கீழே கொட்டை எழுத்தில் போன் நம்பர். வேன் உருண்டது. பின்னால் லாரி உருண்டது. வளைவுக்கு மேல் வளைவு, ஓவர்டேக் எடுக்க வழியில்லை.

"ஹாரன் அடிலே."

அடித்தார். தைலக்காரர் சிரித்தார். ஃப்ளெக்ஸில் வேறு என்ன செய்வார்?

"எவ்வளவு நேரம்லே இவன் மூஞ்சியவே பாத்துட்டு வர்றது?"

"என்னா பண்றதுங்க மொதலாளி. எதுத்தாப்ல வர்ற வண்டின்னா ஒரு நொடி, சட்டுனு தாண்டிப் போயிரும். பின்னாடி மாட்டுனவன் மலை முடியிற வரைக்கும் பாத்துத்தான் ஆகணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று சின்னச்சாமிக்கே புரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்த ஒரு விஷயத்தை மேலே விளக்காமல் வாயை மூடிக்கொண்டார். அது அவருக்கு இரண்டாவது கியரில் லோடு இழுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மெல்ல, "அவன் நம்பரு எனக்கே மனப்பாடம் ஆயிருச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

பொன்னுவேலுக்கும் ஆகியிருந்தது. அவர் தைலக்காரரைப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடந்த தன்னைத் திரும்பிப் பார்த்தார். லீமா கடை வாசலில் வண்டி நின்றதும், சின்னச்சாமி கயிற்றோடு முன்பக்கம் போனார்.

"ஏலே, நில்லு. ஒனக்கு மூளை இருக்கா?"

"இல்லீங்க மொதலாளி."

"முன்னாடி கட்டுனா எவன்லே பாக்குறான்? பின்னாடி கட்டு. இந்த மலைரோட்டுல ஏறுறவன் எறங்குறவன் அம்புட்டுப் பேரும் என்னயப் பாக்காம எங்க போவான்?"

சின்னச்சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தோணாமப் போச்சே!"

"ஒனக்குத் தோணுனா நீ எதுக்கு டிரைவரா இருக்க?"

முதலாளி பின்கதவில் கட்டப்பட்டார், தார்ப்பாயோடு, சுருக்கம் இல்லாமல். அவர் காரட் மூட்டைகளில் சாய்ந்து நின்று கொடைக்கானலைக் கைகூப்பிக் கும்பிட்டார். லீமா டம்ளர் கழுவிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தாள். சின்னச்சாமி அவளைப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டினார். அதற்கு நன்றி என்று பொருள். அதற்கு மேல் அவரால் ஆகாது. அவள் டிரம் மூடியின் மேல் இருந்த கல்லை எடுத்துக் கீழே போட்டாள்.

அடுத்த நடைக்கு முன்னால் ஸ்டீவனை ஆயக்குடிக்கே வரவழைத்துத் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டச் சொன்னார். "நான்தான் கழட்டுனேன், இப்ப எதுக்குண்ணே?" என்றான் அவன். "கொடைக்கானல் குளிர் ஊருன்னு யாரோ சொன்னாங்க தம்பி" என்றார் சின்னச்சாமி.

அன்றைக்குக் கொய்யா பாரம் ரொம்ப அதிகம். செல்வமுருகன் மண்டி வாசலில் நின்று வழியனுப்பினான். "ஏதாச்சும்னா போன் பண்ணுங்க மாமா, நான் வந்து எடுத்துக்கிர்றேன்" என்றான். சின்னச்சாமி அரைஞாணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அடிவாரம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. முள் எழுந்தது. நடுவுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. வளைவு திரும்பியதும் கீழே வந்தது. மறு வளைவில் எழுந்தது, மறுபடி வந்தது. வடகவுஞ்சியில் எழுந்தது, வந்தது. சின்னச்சாமி அதனோடு சேர்ந்து மூச்சை இழுத்தார், விட்டார். பழைய முள். அதே பழைய முள்.

அப்போது போன் அடித்தது. கண்ணாடிப் பக்கம் மாட்டியிருந்த போனில் முதலாளியின் குரல் கேட்டது.

"என்னலே, கொதிச்சிருச்சா?"

"இல்லீங்க மொதலாளி. பனிக்கட்டி மாதிரி போகுது."

"தெரியும். அன்னைக்கு நான் வந்து கியர் சொல்லிக் குடுத்தேன்ல. சரி, பின்னாடி போர்டு எப்படி? சனங்க பாக்குதா?"

சின்னச்சாமி பக்கக் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு சுற்றுலா வேன், அதன் பின்னால் இரண்டு கார், அதற்கும் பின்னால் ஒரு பஸ், அதற்கும் பின்னால் என்னென்னவோ, வளைவு வளைவாகக் கீழே வரைக்கும் வரிசை. இரண்டாவது கியரில் உருளுகிற கொய்யாவின் காவலரைத் தாண்டிப் போக ஒருவருக்கும் வழியில்லை. எல்லோரும் ஹாரனை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். வேன்காரர் தலையை வெளியே நீட்டி, போர்டில் இருந்த முகத்தைப் பார்த்தே ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாக்குறாங்களாவா மொதலாளி? நீங்களே கேளுங்க" என்று சின்னச்சாமி ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார்.

மலை முழுக்க ஹாரன் சத்தம் எதிரொலித்தது.

"இம்புட்டு மரியாதையாலே?" என்றார் பொன்னுவேல். குரல் தழுதழுத்துவிட்டது. "மெதுவாவே போ. அவசரம் ஒண்ணும் இல்ல."

"சரிங்க மொதலாளி" என்றார் சின்னச்சாமி. முள் நடுவில் நின்றது.